சிவப்புப் பூவும் பச்சைப் பட்டனும்

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீதா கம்ப்யூட்டர் டீச்சர். லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு. படிக்கிற பெண்பிள்ளைகளும் பன்னிரண்டு பேர். கோயமுத்தூர்க் கம்பெனிகளில் எதில் புரோகிராம் எழுதுகிறார்களோ அதிலேயே தன் பிள்ளைகளும் பழகட்டும் என்று ஆசைப்பட்டு, பெரிய மென்பொருளாகப் பார்த்து ஏற்றிவைத்திருந்தாள். அது திறப்பதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும். திறந்தாலோ திரை முழுக்கப் பட்டன்கள். எதைத் தொடுவது என்று தெரியாமல் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஏழு பேர் தையல் வகுப்புக்கு மாறப் பெயர் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்துப் பேராவது இல்லையென்றால் கம்ப்யூட்டர் வகுப்பை மூடிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கென்றே தான்னி என்று சின்ன மென்பொருள் ஒன்று இருப்பது கீதாவுக்குத் தெரியும். மேலே எழுதிப் பச்சைப் பட்டனை அழுத்தினால் கீழே விடை வரும். மாற்றலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக் கேட்கிற குடும்பம் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாக மடித்து, மாரியம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்தாள். வெள்ளைப் பூ வந்தால் பெரியதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுத் தான்னியைப் போடலாம். சிவப்பு வந்தால் எடுக்கக்கூடாது. பூசாரி எடுத்துக் கொடுத்ததில் சிவப்பு இருந்தது.

மறுநாள் வகுப்பறை கூட்ட வந்த தெய்வாத்தாளிடம் சொல்லி வருத்தப்பட்டாள். தெய்வாத்தாள் ஐந்தாவது வரை படித்தவள். கூட்டுமாறைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

“ஏனுங்க டீச்சர், பெருச எடுக்க வேண்டாம்னுதானுங்க ஆத்தா சொன்னா. சின்னதப் பக்கத்துல வெக்க வேண்டாம்னு சொல்லலீங்களே.”

கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாததா? எடு, எடுக்காதே என்று மட்டும் பூக் கேட்டதில் புத்தியும் அங்கேயே நின்றுவிட்டது.

அன்றைக்கே தான்னியை ஏற்றி, முதலில் தெய்வாத்தாளையே உட்காரவைத்தாள். தாளில் எழுதிக்கொடுத்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து, அவள் ஒற்றை விரலால் அடித்தாள். ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

“எம்பேரு வந்துபோட்டுதுங்க,” என்றாள் மெதுவாக.

இது போதும் என்று கீதாவுக்குத் தோன்றிவிட்டது. தையலுக்கு முதலில் பெயர் கொடுத்த ஹாரிகா, வியாழக்கிழமை ஏழாம் வாய்ப்பாட்டை வரவைத்து, பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். எங்கேயாவது பிசகினால் வரி வரியாக ஓடவிட்டு, தப்பைத் தானே பிடித்தாள். வெள்ளிக்கிழமை ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். பட்டியலில் சரியாகப் பத்துப் பெயர்.

“அந்தப் பெருசு எதுக்குங்க டீச்சர் இன்னும் கெடக்குது?” என்று ஹாரிகா கேட்டாள்.

“அது உங்களுக்கு அடுத்த வருசத்துக்குக் கண்ணு. ஆத்தா எடுக்க வேண்டாம்னுட்டா.”