தொட்டியில் குறைந்த கொடுவாக் குஞ்சுகள்

எங்கள் கிராமமான வடக்குத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, நல்ல தண்ணீருக்குப் பழக்கிய கொடுவா மீன்குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தேன். கடல் மீன் எங்கள் ஊரில் வளர்வதே எனக்கு அதிசயம். நான் வெளியே போகும் நாட்களில் பக்கத்து வீட்டு ஜமீலா அக்காதான் தீனி போடுவார்.

மூன்றாவது வாரம் பார்த்தால் பாதிக் குஞ்சுகளைக் காணோம். செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. மேலே வலை கட்டியிருந்ததால் கொக்கும் எடுத்திருக்க முடியாது. சில குஞ்சுகள் மட்டும் மளமளவென்று வளர்ந்திருந்தன. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அந்தக் குழப்பத்தில் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"யாருக்காவது புடிச்சிக் குடுத்தீங்களாக்கா?"

"நானா?" என்றார். திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை தீனி போடும்போது ஒரு பெரிய குஞ்சின் வாயில் இன்னொரு குஞ்சின் வால் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"தப்பா கேட்டுட்டேன்க்கா. பெரிசுங்க சின்னதுங்கள தின்னுகினு இருக்குதுங்க."

அவர் உடனே வந்தார். இருவரும் சேர்ந்து பெரிய குஞ்சுகளைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டோம்.

இப்போதும் கூப்பிட்டால் வருகிறார், நான் வீட்டில் இருக்கும்போது மட்டும். தீனி டப்பாவைத் திறக்குமுன், "நீயும் பக்கத்துல வந்து நில்லும்மா" என்கிறார். மன்னித்துவிட்டாரா, இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போய் நிற்கிறேன்.