ஆடிக்கு அடைத்த கதவு

ரஃபியா தன் பெயரை எங்கும் போட்டுக்கொண்டதில்லை. பேகம்பூரில் அவள் நடத்திய கடையின் பலகையில்கூட 'ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம்' என்று மட்டும்தான் இருந்தது. கேட்டால், "வர்றவங்களுக்கு இங்க என்ன வேலை நடக்குதுன்னு தெரிஞ்சா போதும். நான் யாருன்னு எதுக்கு?" என்பாள். அடுத்தவர்கள் பெயர் என்றால் மட்டும் சண்டைக்கு நிற்பாள். பதினோரு வருடம் அவள் பக்கத்து மேசையில் டைப் அடித்தவள் நான். அவள் போட்டதிலேயே பெரிய சண்டை அகரத்துப் பூக்காரப் பெண்களுக்காகப் போட்டது.

அகரத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு பெண்கள் குழுவாகச் சேர்ந்து சம்பங்கி போட்டிருந்தார்கள். கல்யாண மாலையும் கட்டுவார்கள். பூவெல்லாம் ஈஸ்வரன் என்பவரின் கமிஷன் கடைக்குப் போகும். அவர் ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் அந்தப் பெண்களின் தோட்டங்களைப் படம் பிடித்துப் போட்டு, 'எங்கள் தோட்டங்கள்' என்று எழுதியிருந்தார். குழுத் தலைவி பேச்சாயி கூடையோடு நிற்கும் படத்துக்குக் கீழே, 'எங்கள் பணியாளர்.'

பேச்சாயி போனைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார்.

"ஏந்தாயி, நான் எப்ப இவன்கிட்ட வேலைக்குச் சேந்தேன்?"

"சேரவே இல்லக்கா. உக்காருங்க. உங்க பேர்லயே ஒண்ணு போடுவோம்" என்றாள் ரஃபியா.

ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனிப் பக்கம். பெயர், தோட்டம், கட்டுகிற மாலை வகை, போன் நம்பர். முகப்புப் பக்கத்தோடு நாற்பத்து மூன்று.

ஒரு பக்கத்தை இணையத்தில் போட்டுவிட்டதாலேயே அது தேடுகிறவர் கண்ணில் பட்டுவிடாது. தேடுபொறி வந்து படித்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் தேடும்போது காட்டும். புதுத் தளத்துக்கு வழி சொல்ல வெளியில் யாரும் இருப்பதில்லை. அதனால் எங்களிடம் இன்னின்ன பக்கங்கள் உண்டு, இன்ன தேதியில் மாற்றினோம் என்று ஒரு பட்டியலை நாமே எழுதி வைக்கலாம். அதற்குத்தான் சைட்மேப் என்று பெயர். அதைத் தானாகத் தயாரித்துத் தரும் மென்பொருள்கள் உண்டு. ரஃபியா நோட்பேடில் கையால் அடித்தாள், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி.

"ஒருத்தி பேரு விட்டுப்போச்சுன்னா மெஷினையா போயி கேக்க முடியும்?" என்றாள்.

விஷயம் ஈஸ்வரன் காதுக்குப் போனது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்போல வந்து நின்றார்.

"என்ன தங்கச்சி, பூக்காரிகளுக்கெல்லாம் சைட்டாமே? என் சைட்டுக்கு மூணு பேரு உக்காந்து வேலை பாத்தாங்க. நீ ஜெராக்ஸ் மிஷினை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"ஐப்பசி முகூர்த்தத்துக்குள்ள அகரம் சம்பங்கின்னு தேடுனா பேச்சாயி அக்கா பேரு வரும்ணே. வரலேன்னா இந்த போர்டைக் கழட்டிட்டுப் போயி உங்க கடையில மாட்டிக்குங்க."

"பேரே இல்லாத போர்டு. அது எனக்கு எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் அகரத்தில் போய் அவர் சொன்னது சிரிப்பாக இல்லை. "ஐப்பசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் அந்த சைட்டுல பேரு போட்ட யாரு பூவும் என் தராசுல ஏறாது." நாற்பத்திரண்டு வீட்டின் பூவும் ரஃபியாவின் வார்த்தையில் நின்றது. அவர்களில் ஒருத்திகூடப் பெயரை எடுக்கச் சொல்லவில்லை.

ஆடி இரண்டாவது வாரம் வேலை முடிந்தது. தளத்தைத் திறக்கப் பேச்சாயி தலையாட்டவில்லை. "ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்க மாட்டோம் தாயி. ஆவணி பொறக்கட்டும்." ரஃபியா ஒப்புக்கொண்டாள். தளம் அவர்களுடையது, நாளும் அவர்களுடையது. ஆனால் பக்கங்கள் ஏற்கெனவே சர்வரில் ஏறியிருந்தன. நாளுக்கு முன்னால் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று, எந்தத் தேடுபொறியும் உள்ளே வராதே எனச் சொல்லும் இரண்டு வரிகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தாள். ரோபோட்ஸ் கோப்பு என்பார்கள். "ஆடிக்குச் சாத்தி வச்சிட்டேன்க்கா" என்று பேச்சாயிக்குப் போனில் சொன்னாள்.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். மானிட்டருக்குச் சம்பங்கி மாலை போட்டார்கள். சைட்மேப் முகவரியைத் தேடுபொறிக்கு அனுப்பும் பொத்தானைப் பேச்சாயி அழுத்தினார். அன்று எல்லோருக்கும் கேசரி.

பிறகு ஒன்றும் வரவில்லை. பத்து நாள், இருபது நாள். 'சைட்மேப்பைப் படிக்க முடியவில்லை' என்று மட்டும் திரையில் நின்றது. ரஃபியா பட்டியலை மூன்று முறை புதிதாக அடித்தாள். சர்வர்காரர்களைப் போனில் பிடித்து விரட்டினாள். புரட்டாசி பிறந்துவிட்டது. அகரத்திலிருந்து தினமும் யாராவது "வந்துருச்சா?" என்று கேட்டார்கள். ஈஸ்வரன் வண்டியை வாசலில் நிறுத்தி, "போர்டுக்கு அளவெடுத்துக்கவா தங்கச்சி?" என்றார். "எடுத்துக்குங்கண்ணே. ஆணி நான் தாரேன்" என்று இவள் உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தாள். அவர் போனதும் பட்டியலை மறுபடி முதல் வரியிலிருந்து சரிபார்க்க உட்கார்ந்தாள்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை பேச்சாயி தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் பூ கொடுத்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆடிக்குச் சாத்தி வச்சேன்னு சொன்னியே தாயி, அதைத் தெறந்துட்டேல்ல?"

ரஃபியா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தாள். இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. உள்ளே வராதே என்று எழுதிவிட்டு, இத்தனை நாளும் வா வா என்று அழைத்திருக்கிறோம். அழைப்புப் பட்டியலே அடைத்த கதவுக்குள்தான் இருந்திருக்கிறது.

பேச்சாயிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "ஊரெல்லாம் புரட்டாசி. நீ மட்டும் இன்னும் ஆடியில இருக்கியே ஆத்தா!"

"மத்தவங்ககிட்ட சர்வர் கோளாறுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

ரஃபியா திரும்பி என்னைப் பார்த்தாள். "எதுக்கு தீபா? தப்பு என்னுது. இதையாவது என் பேர்ல போடு."

மறுநாள் காலையில் அகரத்தில் பூ எடை போடுகிற இடத்துக்கே போய், எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஈஸ்வரனும் அங்கே இருந்தார். "அப்ப போர்டு?" என்றார். "ஐப்பசி இன்னும் பொறக்கலண்ணே" என்றாள்.

இரண்டு வரிகளை அழித்து மறுபடி அனுப்பினோம். ஒன்பதாம் நாள் திரையில் வந்தது: 'படிக்கப்பட்டது. 43 பக்கங்கள்.' ஐப்பசி இரண்டாம் வாரத்தில், முகூர்த்த நாளுக்கு முன்பே, வடமதுரையிலிருந்து ஒருவர், "பேச்சாயிங்கிறது நீங்கதானே? நெட்டுல அகரம் சம்பங்கின்னு தேடி, பேரைப் பாத்துத்தான் கூப்புடுறேன்" என்று கல்யாண மாலைக்குச் சொன்னார். அதன் பிறகு வேறு வேறு பெயர்களைக் கேட்டுப் போன் வந்தது.

ஈஸ்வரன் விடவில்லை. "தேடுனா இப்பவும் எனக்குக் கீழதான தங்கச்சி வருது?"

"இருக்கட்டும்ணே. உங்க சைட்டுல இருக்குற படத்துக்குப் பேரு எங்க சைட்டுல இருக்கு."

அந்த வாரமே அவர் தன் தளத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார். வெளியாட்கள் நேராக வாங்க வந்த பிறகு, தராசை மூடும் துணிச்சலும் அவருக்கு வரவில்லை.

இந்தப் பங்குனியில் ரஃபியா போய்விட்டாள். நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயது.

மூன்றாம் நாள் நானும் பேச்சாயியும் கடையில் இருந்தபோது ஈஸ்வரன் வந்தார். துக்கம் விசாரித்தார், அது மெய்யான துக்கம்தான். பிறகு, "பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு? இனி இதையெல்லாம் யாரு பாக்கப்போறா? என் சைட்டோட சேத்துக்கிறேனே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சாயி கேட்டார். "சேத்துக்கிட்டு? மறுபடியும் பணியாளரா?"

பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. என்னிடமே இருக்கும்.

ரஃபியாவுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று குழுவில் எல்லோரும் கேட்டார்கள். உயிரோடு இருந்தால் விட்டிருக்க மாட்டாள். நீங்கள் படிப்பது அந்தப் பக்கம். சைட்மேப்பில் நாற்பத்து நான்காவது வரியாக அவள் பெயரைக் கையால் அடித்து, இன்றைய தேதியைப் போட்டேன். கோபப்படட்டும். பிறகு அந்தச் சின்னக் கோப்பை இரண்டு முறை திறந்து பார்த்தேன். கதவு திறந்துதான் இருக்கிறது.