படைப்புக்கு ஆகாத தண்ணீர்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஊரணித் தண்ணீர்தான் தண்ணீர். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், கேன் தண்ணீரில் ருசியே இல்லை. காய்ச்சித் தருகிறேன் என்றால், "காய்ச்சுனா அது கசாயம், தண்ணி இல்ல" என்பார். அப்படிக் குடித்துக் குடித்தே டைஃபாய்டு வந்து காரைக்குடி ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்து வந்து மறுபடியும் அதே செம்பு, அதே ஊரணி, அதே காய்ச்சல். இரண்டாம் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா குடல் தாங்காதும்மா" என்றார். இவரிடம் சொன்னேன். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் காய்ச்சின தண்ணீர் மட்டும்தான். ஒவ்வொரு மிடறுக்கும் விளக்கெண்ணெய் குடித்தவர் போல முகத்தைச் சுளிப்பார். நான் கடைக்குப் போன நேரம் பார்த்துப் படித்துறையில் இறங்கிவிடுவாரோ என்ற பயம் எனக்கு எந்நேரமும் இருந்தது. இவரைக் கட்டி மேய்ப்பதற்கு ஊரணியைச் சுத்தம் செய்வதே சுலபம் என்று நினைத்து, ஊர் நீர்நிலைக் குழுவில் சேர்ந்தேன். எவ்வளவு பெரிய அப்பாவி நான்.

எங்கள் ஊரணி நிரம்பினால் கண்மாய்க்குப் போகும், கண்மாய் நிரம்பினால் ஆற்றுக்குப் போகும். இங்கே விழுகிற அசிங்கம் கீழே எத்தனையோ ஊருக்குப் போகிறது. அதைப் பார்க்கக் குழுவில் சின்னக் குப்பிகள் கொடுத்திருந்தார்கள். ஊரணித் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் மை மாதிரிக் கறுத்துவிடும். எங்கள் குப்பி கறுத்தது.

உடனே எல்லோரும் மாட்டுக்காரர்களைக் கைகாட்டினார்கள். போர்டு வைத்தோம், முள்வேலி போட்டோம். மாட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குப்பி கொஞ்ச நாள் தெளிந்திருந்தது, பிறகு மறுபடியும் கறுத்தது. "கொக்கு வந்து உக்காருதுல்ல, அதா இருக்கும்" என்றார் குழுத் தலைவர். அப்படியானால் கொக்குக்கும் ஒரு போர்டு வைப்போமா என்று கேட்டேன். யோசிப்போம் என்றார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். ஊரணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் பழைய கல் கால்வாய் ஈரமாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கால்வாயோடு நடந்தேன். அது பெரிய வீட்டின் பின்சுவரில் போய் நின்றது. கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தரைக்கடியில் ஓடி, ஊரணிக்கு வரவேண்டும் என்று கட்டிய வீடு அது. பங்காளிகள் ஆளுக்கு ஓர் அறை வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும், விசேஷத்துக்கு மட்டும் திறக்கும். அந்த வாரம் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குத் திறந்திருந்தார்கள். முன்பு குப்பி கறுத்ததெல்லாம் எப்போது என்று யோசித்தேன், எல்லாம் இந்த வீடு திறந்திருந்த சமயங்கள்.

சாவிக்கொத்து வைத்திருக்கும் ஆச்சியிடம் போய்க் கேட்டேன். ஆச்சி ஒளிக்கவெல்லாம் இல்லை.

"எல்லாரும் அவுகவுக ரூமுக்குள்ளயே பாத்ரூம் வேணும்னாக. செப்டிக் டேங்க் தோண்டணும்னா என் பங்குல தோண்டாதேன்னு ஆளுக்கு ஆள் சண்டை. அதான் முத்தத்துக் கால்வாயிலயே விட்டாச்சு. ஐயாக்க காலத்து வழி, அடைக்கவே அடைக்காது."

"அடைக்கல ஆச்சி. நேரா எங்க செம்புக்கு வருது. எங்க வீட்டுக்காரக ரெண்டு தடவ ஆஸ்பத்திரில கெடந்துட்டாக."

ஆச்சி உச்சுக் கொட்டினார். ஆனால் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்காமல் பொது இடத்தில் தரையைத் தொட முடியாதாம். நானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர். எல்லோரும் தங்கமான மனிதர்கள், எல்லோரிடமும் ஒரே பதில்: மற்றவர்கள் சரி என்றால் எனக்கும் சரி. முதலில் சரி சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடியில் அந்த வீட்டில் படைப்பு வந்தது. இறந்துபோன முன்னோருக்குச் சமைத்துப் படைத்துக் கும்பிடுவது. பங்காளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். அந்தச் சோற்றுக்கு ஊரணித் தண்ணீர்தான் எடுப்பது அந்த வீட்டு வழக்கம். பித்தளைக் குடங்களோடு படித்துறைக்கு வந்தவர்களின் முன்னால் நான் கறுத்த குப்பியோடு போய் நின்றேன்.

"ஆச்சி, இதுதான் நீங்க மோந்துட்டுப் போகப்போற தண்ணி. உங்க பாத்ரூம் தண்ணி. இதுலயா படைக்கப் போறீக?"

ஆச்சி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பங்காளி ஒருவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "அப்ப இந்த வருசம் கேன் தண்ணி வாங்கிருவோம் ஆச்சி" என்றார். அந்தக் குப்பியாலேயே அவரை ஒரு போடு போடலாமா என்று இருந்தது.

ஆச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயாக்களுக்குக் கேன் தண்ணில சோறா? படைப்பத் தள்ளி வைங்க. போய்க் கொத்தனாரக் கூட்டியா."

அவ்வளவுதான். யார் சம்மதமும் கேட்கவில்லை, யார் பங்கு என்றும் பார்க்கவில்லை. அன்றைக்கே பின்கட்டில் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்துக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாத்ரூம்களுக்குப் பூட்டு விழுந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்தான். உயிரோடு இருக்கிற மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அசையாத தரை, செத்தவர்கள் சோற்றுக்காக ஒரே பகலில் பெயர்ந்தது. தலைவர் வந்து, குழுவின் வெற்றி என்று கைகொடுத்தார். வேலியைப் பிரித்துவிட்டு மாட்டுக்காரர்களிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். யோசிப்போம் என்றார்.

ஐப்பசி மழையில் கால்வாய் கழுவிக்கொண்டு ஓடியது, ஊரணி நிரம்பியது. குப்பி தெளிவாக இருந்தது. நம்பாமல் இன்னும் சில குப்பிகள் வைத்துப் பார்த்தேன், எல்லாம் தெளிவு. ஒரு குடம் மோந்து வந்து, செம்பு நிறைய ஊற்றி இவர் கையில் கொடுத்தேன்.

"ஊரணித் தண்ணி. குடிங்க."

வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"காய்ச்சுனியா?" என்றார்.