டைம் கீப்பரும் மாத்திரைப் பெட்டியும்

அவர் முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவின் வாசலையொட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, வந்த வண்டிக்கும் போன வண்டிக்கும் நேரம் எழுதியவர். ஓய்வு பெற்று இருபத்திரண்டு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு டைம் கீப்பர் என்றுதான் பேர். கறார் பேர்வழி என்று வெளியில் ஒரு நினைப்பு. கறாராவது ஒன்றாவது! மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால், டிரைவரின் முகத்தை ஒருதரம் பார்ப்பார், அட்டவணையில் இருக்கும் நேரத்தையே எழுதிவிடுவார். உண்மையை எழுதினால் அந்த ஆளுக்கு மெமோ வரும். “வண்டி வந்து சேந்துச்சில்ல, அப்புறம் என்ன?” என்பது அவர் கட்சி. அப்படி எழுதியதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்தப் பழக்கத்தை அன்றைக்கே விட்டிருப்பார்.

மூன்று வருடமாக அவர் மனைவிக்கு மறதி. கூடவே ரத்தக் கொதிப்பு. காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. எது கொடுத்தோம், எது கொடுக்கவில்லை என்று அவருக்கும் இரண்டொரு முறை தடுமாறியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அதைக் கேள்விப்பட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தாள். வட்டமாக, வெள்ளையாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெட்டி. காலையில் எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் பாட்டுப் போடும். தூக்கிக் கவிழ்த்தால் அந்த வேளைக்கான மாத்திரை கையில் விழும். மகளின் ஃபோனில் பச்சை காட்டும். அரை மணிக்குள் கவிழ்க்காவிட்டால் சிவப்பு.

“அடிக்கடி சிவப்பு வந்துச்சுன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போய் ஒரு ஹோம்ல விட்டுடுவேன்ப்பா. அங்க நர்ஸ் இருக்காங்க. உங்களால முடியலன்னா முடியலன்னு ஒத்துக்கணும்.”

மகள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். ஐம்பத்திரண்டு வருடம் கூடவே இருந்தவளை விட்டுவிட்டு இந்த வீட்டில் தான் மட்டும் என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை அந்தப் பச்சைதான்.

முதல் மாதம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் காலையில் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “நீ யாரு எனக்கு மருந்து குடுக்க? டாக்டரா?” என்றாள். இவர் கெஞ்சினார், கொஞ்சினார், மிரட்டிக்கூடப் பார்த்தார். அவள் மசியவில்லை. வாய்க்குள் போட்டால் துப்பினாள். கடிகாரத்தில் எட்டு இருபத்தெட்டு. டைம் கீப்பர் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். ‘கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்துவிட்டால் போயிற்று’ என்றுதான் நினைத்தார். மத்தியானம் வரை முயன்றார். சாயங்கால வேளை வந்துவிட்டது. காலை மாத்திரையைக் கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ அவள் விழுங்கினால் பெரிய சங்கதி. மற்ற நாளெல்லாம் தொட்டிதான் விழுங்கியது. மகள் கேட்டால், “போட்டுட்டாம்மா” என்பார். இப்படியே நாலு மாதம் ஓடிற்று.

மகள் லீவு போட்டு வந்து இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டிருந்தது. டாக்டர், மகளின் ஃபோனில் இருந்த பதிவை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

“ஒரு வேளகூடத் தவறல. அப்போ இந்த மாத்திர இவங்களுக்குப் பத்தலன்னு அர்த்தம். டோஸ ரெண்டு மடங்காக்கிடுறேன். கூட இன்னொண்ணும் எழுதறேன்.”

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வயசுலயும் எவ்வளவு கரெக்டா பாத்துக்கறார் பாருங்க டாக்டர்” என்றாள். டைம் கீப்பர் வாயைத் திறந்தார். கையைப் பிடித்திருந்த மகளைப் பார்த்து மூடிக்கொண்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்திவிட்டார். பாவி மனுஷன், அந்த ஒரு நிமிடத்தில் சொல்லித் தொலைத்திருக்கலாம்!

மகள் புது மாத்திரைகளைப் பெட்டியில் நிரப்பிவிட்டு அன்றைக்கே ஊருக்குப் போனாள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெட்டி பாடியது. கவிழ்த்தார். மூன்று மாத்திரைகள் உள்ளங்கையில் விழுந்தன. கொடுத்தால், பழக்கமில்லாத உடம்பில் இத்தனை மருந்து என்ன செய்யுமோ! கொடுக்காவிட்டால் இருநூறு. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். “ஃபோன்ல டாக்டர் பேச மாட்டார். டோக்கன் போட்டு நேர்ல வாங்க” என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டார்.

“அம்மா மாத்திரையே போடலம்மா. நான்தான் பெட்டியக் கவுத்துட்டுக் கொட்டிட்டேன். நாலு மாசமா.”



“அப்பா, போன வாரம்கூட ‘போட்டுட்டா’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பொய் சொன்னேம்மா.”

“நீங்களா? பொய்யா? டோஸ் கூட்டினதுல பயந்துட்டீங்கப்பா. எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கறீங்க. எங்கிட்ட ஒவ்வொரு வேளைக்கும் பதிவு இருக்கு.” மகளின் குரல் இளகியது. “அடுத்த தடவ வரும்போது உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். இப்போ எனக்கு மீட்டிங். மொதல்ல அம்மாவுக்கு மாத்திரையக் குடுங்க.”

முப்பத்தோரு வருடம் அவர் எழுதியதை எல்லாரும் நம்பினார்கள். இன்று நிஜத்தைச் சொல்கிறார், நம்ப ஒரு ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பெண்டாட்டிக்கு எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் அவரையே பார்த்தாள். எழுந்து பக்கத்தில் வந்தாள்.

“ஏங்க, எதுக்கு அழறீங்க? நான் மாத்திர போடலன்னா? இந்தாங்க, குடுங்க. போட்டுக்கறேன்.”

பல மாதங்களுக்கு அப்புறம் அவள் அவரை ‘ஏங்க’ என்று கூப்பிட்டாள். விரித்திருந்த கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மூன்றையும் போட்டுக்கொண்டு, தண்ணீரையும் குடித்தாள். அவர் கையை மூடியிருக்கலாம். நாலு மாதமாக நீட்டிக் கெஞ்சிய கைக்கு மூடத் தெரியவில்லை.

அப்புறம் இமை கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தரை வரைக்கும் ஒன்றுமில்லை. பாத்ரூம் போகவென்று அவள் எழுந்தாள். எழுந்தவளுக்குத் தலை சுற்றி, கால் நிற்கவில்லை. இவர் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தாள். இடுப்பைத் தொட்டதும் வீல் என்று கத்தினாள். எண்பது வயது மனிதருக்கு அவளைத் தூக்க ஏது பலம்? சட்டைப்பையில் இருந்த ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வலியில் அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான் மாத்திர போட்டுட்டேன்ல?”

“போட்டுட்டம்மா.”

“அப்போ ஏன் இன்னும் அழறீங்க?”