வாசல் வரை நடந்த பேரம்

பதுளை பஜாரில் சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கியதில்லை. சட்டைத் துணியானாலும் சரி, பிரஷர் குக்கரானாலும் சரி, என் முறை ஒன்றுதான். விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்க வேண்டும். "அப்ப வேணாங்க முதலாளி, போறேன்" என்று வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் அவர்கள் கூப்பிடுவது காதில் விழாது. ரொம்ப மெதுவாக நடந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். நடுத்தரமாக நடந்து செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து குரல் வந்தே தீரும்: "அண்ணே, நில்லுங்க. சரி, என்னதான் குடுப்பீங்க?"

இந்த வித்தையில் எனக்கு இருந்த கர்வம்தான் எங்கள் வீட்டு இன்டர்நெட்டை அறுத்தது.

எங்கள் வீடு பசறைக்குப் போகும் ரோட்டில், ஒரு தோட்டத்தை ஒட்டிய வளைவில் இருக்கிறது. ஃபைபர் வயர் அந்த வளைவு வரைக்கும்தான் வந்திருக்கிறது. அதன் நுனியில் என் மகளின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அங்கே தங்கியிருந்த போர்டிங்கின் பருப்பைத் தின்று பாதியாகிப் போனவளை, வீட்டிலிருந்தே வேலை செய்து பார் என்று கொஞ்ச காலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: லைன் விட்டுப்போகக் கூடாது. வரும் திங்கட்கிழமை மீட்டிங்கில்தான் அவள் இங்கேயே இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்று மேலதிகாரி சொல்வதாக இருந்தது.

அவள் வீட்டோடு வந்த பிறகுதான் என் மனைவி என்னைத் தவிர இன்னொருவரையும் திட்ட ஆரம்பித்திருந்தாள். எனக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதைக் கல்யாணமானவர்கள் அறிவார்கள். ஆகவே மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்று மூன்று பேருமே ஆசைப்பட்டோம்.

அந்த நேரம் பார்த்து பில் கூடியது. கூடவே என் மச்சானும் வந்தான். மனைவியின் தம்பி; பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் குடியிருப்பவன். சிம் போட்டு வேலை செய்யும் வேறொரு கம்பெனி ரவுட்டர் வைத்திருக்கிறான்.

"மச்சான், இன்னமும் அந்த வயருக்கா காசு கொட்டுறீங்க? நான் பாதிதான் கட்டுறேன்" என்றான், என் வீட்டுக் கோழியைக் கடித்துக்கொண்டே.

மகள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "அப்பா, திங்கக்கெழம முடியிற வரைக்கும் லைன்ல கைய வைக்காதீங்க. சொல்லிட்டேன்."

"கைய வைக்கலம்மா. வாயத்தான் வைக்கப் போறேன்."

வெள்ளிக்கிழமை பதுளைக்குப் பஸ் ஏறினேன். கம்பெனி அலுவலகத்தில் குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, நம்பர் துண்டு. கவுண்டரில் என் மகள் வயதில் ஒரு பிள்ளை.

"பில் கூடிப்போச்சுங்க. கொறைச்சுத் தரணும்."

"பெக்கேஜ் வெல எல்லாருக்கும் ஒண்ணுதாங்க ஐயா."

முகத்தைச் சுளித்தேன். "அப்ப வேணாங்க. வெட்டிருங்க."

"நிச்சயமா வெட்டவாங்க?"

பஜாரில் இந்தக் கேள்விக்கு அர்த்தம், முதலாளி ஆடிப்போய்விட்டார் என்பது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். "வெட்டுங்கன்னா வெட்டுங்க."

அவள் ஏதோ தட்டினாள். அடையாள அட்டை கேட்டாள், கொடுத்தேன். கையெழுத்துக் கேட்டாள், சுழித்துப் போட்டேன். துணிக்கடையிலும் துணியை மடித்து அலுமாரியில் வைத்த பிறகுதானே கூப்பிடுவார்கள்? எழுந்து நடந்தேன். நடுத்தரமான நடை. பாதி வழியில் கொஞ்சம் தாமதித்தேன். சுவரில் ஒரு குடும்பமே போனைப் பார்த்துச் சிரிக்கும் படம். அதை மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். தண்ணீர் மெஷினில் தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். செருப்பு காலிலேயே இருந்ததால் மாட்டவும் வழியில்லை. குனிந்து அதைத் துடைத்தேன்.

காவலாளி பணிவாகக் கதவைத் திறந்து பிடித்தார். "பாத்துப் போங்க ஐயா."

"உள்ள யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"யாரங்க?"

"என்னயத்தான்."

"இல்லீங்களே."

வெளியே வந்து நின்றேன். வியர்த்தது. திரும்ப உள்ளே போய், புது நம்பர் துண்டு எடுத்து, அதே பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். "சும்மா சொன்னேம்மா."

அவளுக்கு உண்மையிலேயே பாவமாகிவிட்டது. "வெட்டியாச்சேங்க ஐயா. ஒங்க ரோட்டு போஸ்ட்ல இருக்கிற கனெக்ஷன் பெட்டியில எடம் இல்லாம ஒரு வீடு காத்துக்கிட்டிருந்துச்சு. ஒங்க எடம் அவங்களுக்குப் போயிருச்சு. நீங்க புதுசா எழுதிக் குடுங்க. இன்னொரு பெட்டி போட ரெண்டு கெழம, பதினாலு நாள் ஆகும்."

எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பொய் தயாரித்தேன். மரம் விழுந்தது. லொறி போஸ்ட்டில் மோதியது. கடைசி வளைவில் குரங்கு கிடைத்தது. குரங்கு நல்ல பொய். யாரும் அதனிடம் போய்க் கேட்க முடியாது.

வீட்டு ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, லைன் போச்சு" என்றாள் மனைவி.

"கொரங்கு கடிச்சிருக்கும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கொரங்கு?"

மகள் அறையிலிருந்து வந்தாள். "அப்பா, அங்க போயி என்ன சொன்னீங்க?"

"வேணாம், போறேன்னு சொன்னேன்."

"அவங்க?"

"சரின்னுட்டாங்க."

"எங்கிட்டயுந்தான் கல்யாணமான நாள்லருந்து போறேன் போறேங்கிறாரு" என்றாள் மனைவி. "நானும் ஒரு தடவ சரின்னு சொல்லியிருக்கணும்."

மகள் சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அலுமாரி மேலிருந்த பயணப் பையை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். எதையும் அடுக்கவில்லை, வெறுமனே வைத்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டதைச் சொல்கிறேன்.

மறுநாள் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் அவன் கம்பெனி ரவுட்டரையே வாங்கி வந்தேன். அவன் வீட்டில் பறந்த சிக்னல் என் வீட்டில் ஊர்ந்துகூட வரவில்லை. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் ஒரு சின்ன விஷயத்தை மறந்துபோயிருந்தோம்: அவன் வாசலுக்கு நேரே தெரியும் டவர், எனக்கு மலையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு, ரவுட்டரைத் தீபாராதனைத் தட்டுப் போல ஏந்தி, ஒவ்வொரு அறையாகப் போனேன்.

"சாமி ரூமுக்குக் காட்டியாச்சு, அடுப்படிக்கும் காட்டியாச்சு. கோழிக்கூட்டுக்கும் ஒரு சுத்துக் காட்டிருங்க" என்றாள் மனைவி.

காட்டினேன். கோழிகள் பயந்தன. ரவுட்டரில் ஒரு லைட் எரிந்தது. கூட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் கொங்கிரீட் மூடி மேல் ஏறினேன். எல்லா லைட்டும் எரிந்தன. இரண்டு மலைகளுக்கு இடையில் இருந்த ஒரு சின்ன வெட்டு வழியாக, தூரத்தில் டவர் தெரிந்தது.

"வந்துருச்சு! அசையாதீங்க மச்சான்!" என்று கீழேயிருந்து கத்தினான் மச்சான், ஏதோ அவனே டவரை நட்ட மாதிரி.

திங்கட்கிழமை காலையில் தொட்டி மேல் நாற்காலி, கவிழ்த்த வாளியின் மேல் லெப்டொப், நாற்காலிக்கடியில் பொலித்தீன் சுற்றிய ரவுட்டர். மேலே தூறல். நான் பெரிய கறுப்புக் குடையோடு நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவியின் உத்தரவு. அதைக் கண்காணிக்க அவள் கீழே கோழித் தீனியோடு நின்றாள்.

மேலதிகாரி ஒரு தமிழ் அம்மா. கணக்கெல்லாம் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு, தமிழில் கேட்டார்: "என்னம்மா, பின்னாடி மல தெரியுது? எங்க இருக்கீங்க?"

"தண்ணி டேங்க் மேல, மேடம்."

"எதுக்கு?"

"அப்பா லைன வெட்டிட்டாங்க."

"அது எதுக்கு?"

மகள் லெப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். "அப்பா, நீங்களே சொல்லுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையாட்டி அனுமதி கொடுத்தாள்.

"பேரம் பேசுனேங்க" என்றேன்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முகம் அப்படியே நின்றதால் லைன் தொங்கிவிட்டது என்று நினைத்து மகள் பதறினாள். இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்தபடி மகளிடம் சொன்னார்: "வெட்டுன லைனுக்கே டேங்க் மேல ஏறி வந்துட்டீங்க. சரி, வீட்டுலயே இருங்க. ஆனா புது லைன் வர்ற வரைக்கும் ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது."

கீழே தீனித்தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அன்றைக்குக் கோழிகளுக்கு விருந்து.

கம்பெனி சொன்ன இரண்டு கிழமை, நம் ஊர் இரண்டு கிழமையாக நீண்டது. மழை விட்டால் வெயில், வெயில் போனால் மிஸ்ட் என்கிற மூடுபனி, குடைக்கு ஓய்வில்லை. தகரக் கூரை போட்டேன், அது சிக்னலை மறைத்தது, கழற்றினேன். சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். ஒரு நாள் நான் தும்மினேன். "அங்கிளுக்குச் சூடா ஒரு பிளேன்டி குடுங்க" என்று கொழும்பிலிருந்து யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு மீட்டிங் தொடங்கும்போது எல்லோரும் முதலில் எனக்குத்தான் வணக்கம் சொன்னார்கள். பதிலுக்குக் கை கூப்பப் போனேன்.

"அப்பா, கொட சாயுது!" என்றாள் மகள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.