யோசெப்பின் சொல்லாமல் விட்ட சட்டம்

மார்ச் மாதம் வந்தால் எனக்கு இப்பவும் கை தேத்தண்ணிக் கேத்தலைத் தேடும். சனிக்கிழமை காலமை ஆரும் மாடிப்படி ஏறினால், மேல்வீட்டிலை இருந்த என்ர சிநேகிதி யோசெப்பினிட்டை முதல் ஆள் வந்திட்டுது எண்டு எழும்பிப் போவன். அங்கை ஆர் இருக்கினம்? அவ மகனோடை ரொறொன்ரோவுக்குப் போய் எத்தினை வருஷம். இப்ப எல்லாரும் கொம்பியூட்டரிலை தாங்களே ரக்ஸ், வருமான வரிக் கணக்கு, நிரப்பினம், ஒருத்தருக்கும் ஒருத்தரும் தேவையில்லை. நல்லதுதான். எனக்குத்தான் அந்தச் சனிக்கிழமைகள் இல்லாமல் ஒண்டும் பிடிக்கேல்லை.

நான் குணேஸ்வரி, யாழ்ப்பாணம். அவ மட்டக்களப்பு, கிறிஸ்தவ வேதக்காரி. கியூபெக் மாகாணத்திலை, சென்ட் லோரன்ட் எண்ட இடத்திலை ஒரே கட்டிடத்திலை நான் கீழ்வீடு, அவ மேல்வீடு. ஒரே மருந்துக் கொம்பனியிலை பக்கத்திலை பக்கத்திலை நிண்டு குளிசைப் போத்தல் அடுக்கினனாங்கள். வந்த புதிசிலை அரசாங்கம் எங்கள் இரண்டு பேரையும் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பினது. நான் போன்ஜூ, மெர்சியோடை நிப்பாட்டியிட்டன். அவ விடேல்லை. வீட்டிலை வாசிக்க வேற பிரெஞ்சுப் புத்தகம் இல்லையெண்டு, தபாலிலை வந்த கியூபெக் வரிப் புத்தகத்தை எடுத்து, அகராதியைப் பக்கத்திலை வைச்சு, முதல் பக்கத்திலையிருந்து கடைசிப் பக்கம் மட்டும் வாசிச்சு முடிச்சா. அப்பிடிப் படிச்ச பிரெஞ்சு எண்டபடியால், டெப்பனர் எண்ட மூலைக்கடையிலை பால் வாங்கப் போனாலும் "மேற்குறித்த பாலை" எண்ட தோரணையிலைதான் கேப்பா. கடைக்காரன் சிரிப்பை அடக்கேலாமல் குனிஞ்சுகொள்ளுவான்.

இந்த ஊரிலை இரண்டு அரசாங்கத்துக்கு இரண்டு ரக்ஸ், ஒட்டாவாவிலை இருக்கிற நாட்டு அரசாங்கத்துக்கு ஒண்டு, கியூபெக் மாகாணத்துக்கு ஒண்டு. ஒருத்தன் தாறதை மற்றவன் தரமாட்டான். இதை விளங்கிறதுக்கு எங்கட சனத்துக்கு யோசெப்பினை விட்டால் ஆள் இல்லை. ஷொப்பிங் பையிலை கடுதாசியளை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவினம். அவ வாசிப்பா, நான் தேத்தண்ணி ஊத்துவன். காசு வாங்கமாட்டா. அதாலை வாறவை பணியாரம், றோல்ஸ் எண்டு கொண்டு வருவினம், எனக்கும் பங்கு.

பள்ளிக்கூடச் செலவுக்கு ரக்ஸிலை கழிவு இருக்காம் எண்டு ஆரோ கோயிலிலை சொல்லிப்போட்டினம். பிறகென்ன, பிள்ளையின்ர சப்பாத்து பில், வயலின் வகுப்பு பில், தமிழ்ப் பள்ளிக்கூட றிசீற்று, எல்லாம் வந்து குவிஞ்சுது. சிவநேசம் எண்ட மனுசி மகளின்ர அரங்கேற்றத்துக்கு எடுத்த மண்டப பில்லையும் கொண்டுவந்து நீட்டினா. "இது படிப்புத்தானே?" எண்டா.

"படிப்புத்தான் புள்ள," எண்டா யோசெப்பின். "ஆனா அவன்ட வரிப் புத்தகத்தில இல்ல."

அவ்வளவுதான். சட்டத்திலை என்ன இருக்கோ அதைச் சொல்லுவா. ஒரு சொல்லுக் கூட்டவும் மாட்டா, குறைக்கவும் மாட்டா. "கொஞ்சம் பாத்து எழுதுங்கோவன்" எண்டு கெஞ்சினாலும் அசையமாட்டா. எனக்குச் சில நேரம் விசர் வரும். இந்த மனுசிக்கு நெஞ்சுக்குள்ளையும் படிவம்தான் இருக்கோ எண்டு முகத்துக்கு நேரையே கேட்டிருக்கிறன். சிரிச்சுப்போட்டு அடுத்த பையை அவிழ்ப்பா.

இரண்டாயிரத்தெட்டு மார்ச்சிலை தியாகலிங்கம் அண்ணை வந்தார். டவுன்டவுனிலை ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியிலை பாத்திரம் கழுவின கை, வெடிச்சுக் கிடக்கும். பெண்சாதி வன்னியிலை காய்ச்சலிலை போக, சிவாஜினி எண்ட ஒரே பிள்ளையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்த மனுசன். தலை இழுத்து, சோறு தீத்தி வளத்து, யூனிவேர்சிற்றிக்கும் அனுப்பினார். அங்கை அவள் ஒரு கியூபெக் பெடியனை விரும்பி, சொல்லாமல் கொள்ளாமல் கலியாண எழுத்தும் எழுதிப்போட்டாள். அண்டையிலையிருந்து பதினெட்டு மாதம் மனுசன் அவளோடை கதை பேச்சில்லை. அவள் ரெலிபோன் எடுத்தால் குரல் கேட்டதும் வைச்சிடுவார். ஆரும் அவளின்ர பேர் எடுத்தால் எழும்பிப் போவார்.

அந்த வருஷம் சட்டம் மாறியிருந்தது. பிள்ளை கட்டின யூனிவேர்சிற்றிக் கட்டணத்திலை, பிள்ளைக்குத் தேவைப்படாத கழிவைத் தாய் தகப்பனுக்கு மாத்திவிட ஒட்டாவா முந்தியே விடும். கியூபெக் விடாது, பிள்ளைதான் வைச்சிருக்கவேணும். இப்பதான் கியூபெக்கும் விட்டுது. யோசெப்பின் அந்தப் பக்கத்தை நாலைஞ்சு தரம் வாசிச்சு வைச்சிருந்தா.

"அண்ணன், உங்கட மகள் இன்னும் படிக்கிறாதானே?" எண்டு கேட்டா.

"எனக்கு மகள் இல்லை."

"படிவத்தில இருக்கிறா."

"அப்ப பேரை வெட்டிவிடும்," எண்டார் அவர். "அவள் இப்ப வேற ஆளின்ர பேரிலை இருக்கிறவள். எனக்கும் அவளுக்கும் ஒண்டும் இல்லை." சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போயிட்டார்.

யோசெப்பின் பேனையை வைச்சுப்போட்டு என்னைப் பாத்தா. "குணேஸ், நாளைக்குச் சேர்ச்சில பூசை முடிய இல்-பிசாருக்குப் போவம்," எண்டா.

"அங்கை என்ன?"

"அந்தப் புள்ள மாமியார் வீட்டில அங்கதான் இரிக்கி. சட்டம் மாறினது அவளுக்கும் தெரியவேணும்."

சட்டம் ஒரு சாட்டு எண்டு எனக்கு விளங்கினது. இல்-பிசார் ஒரு தீவு, அங்கை போற பஸ்ஸைப் பிடிக்கிறதெண்டால் ஒரு நாள் வேலை. இரண்டு பஸ் மாறி, பனிச்சேறுக்குள்ளை நடந்து போனம். என்ர சப்பாத்துக்குள்ளை தண்ணி. வழி முழுக்க நான் அவவை ஏசினன், அவ முன்னாலை நடந்துகொண்டிருந்தா.

சிவாஜினி கதவைத் திறந்து எங்களைக் கண்டதும், "அப்பாவுக்கு என்ன?" எண்டு கேட்டுச் சுவரைப் பிடிச்சுக்கொண்டாள்.

"ஒண்டும் இல்ல மனே. ரக்ஸ் விசயம்," எண்டா யோசெப்பின்.

மாமிக்காரி கோப்பி வைச்சுத் தந்தா. அதுக்குப் பிறகு யோசெப்பின் அவளுக்குப் பக்கத்திலை இருந்து விளங்கப்படுத்தினா. இந்தக் கழிவை நீ வைச்சிருந்தால், நாளைக்கு நல்ல வேலைக்குப் போகேக்கை உனக்கு உதவும். அப்பாக்குக் குடுத்தால் குடுத்ததுதான், பிறகு திருப்பிக் கேக்கேலாது. புருஷனுக்கு ஏதும் மாத்திறதெண்டால் அதையும் யோசி. நல்லா யோசிச்சு நீயே முடிவெடு. அவளை ஒரு பக்கமும் சாய்க்கேல்லை.

"அப்பா கேட்டவரோ?" எண்டாள் சிவாஜினி.

பொய் சொல்லுங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ எண்டு நான் மனசுக்குள்ளை மண்டாடினன்.

"இல்ல மனே. அவர் கேக்கல்ல. நான்தான் வந்தன்."

பிள்ளை எழும்பினாள். உள்ளுக்குப் போய் யூனிவேர்சிற்றி தந்த பேப்பர்களைக் கொண்டுவந்து, ஒட்டாவாப் பேப்பரின்ர பின்பக்கத்திலை கையெழுத்து வைச்சாள். கியூபெக் படிவத்திலை தகப்பன்ர பேரை எழுதினாள். "முதல் இரண்டு வருஷமும் அவர்தானே கட்டினவர்," எண்டு மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை யோசெப்பின் தியாகலிங்கம் அண்ணைக்கு ஆள் விட்டா. "படிவத்தில ஒரு கையெழுத்துக் குறையுது" எண்டுதான் சொல்லிவிட்டவ. உண்மைதான், அவரின்ர கையெழுத்துக் குறைஞ்சுதான் இருந்தது. மனுசன் ஜக்கெற்றும் கழட்டாமல் கதிரை நுனியிலை இருந்தார். மகள் கையெழுத்து வைச்ச யூனிவேர்சிற்றிப் பேப்பரை அவ அவருக்கு முன்னாலை வைச்சா.

அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்துத் தெரியும். கண்ணாடியைப் போட்டு, விரலை வைச்சு, மேல் வரியை எழுத்தெழுத்தாக் கூட்டினார். சிவாஜினி தியாகலிங்கம். பிறகும் ஒருக்கால் கூட்டினார்.

"இது பழைய பேப்பரோ?"

"இல்ல அண்ணன். போன வருசத்துக்கான பேப்பர். கலியாணத்துக்குப் பிறகு வந்தது."

"அப்ப இவள் என்ர பேரை விடேல்லையோ?"

இதிலைதான் விசயம் இருக்கு. எங்கட ஆக்களிலை பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னாலை தகப்பன்ர பேர், கலியாணம் முடிய அது போய்ப் புருஷன்ர பேர். மகள் புருஷன்ர பேருக்கு மாறியிருப்பாள், தன்னைத் துடைச்சு எறிஞ்சிருப்பாள் எண்டுதான் அந்த மனுசன் பதினெட்டு மாதமும் வெந்துகொண்டு இருந்திருக்கிறார். ஆனால் கியூபெக்கிலை அது நடவாத காரியம். எண்பத்தொண்டிலையே சட்டம் போட்டாச்சு. கலியாணம் முடிச்ச பொம்பிளை சட்டப்படி பிறந்த பேரிலைதான் இருக்கவேணும், ஆசைப்பட்டாலும் புருஷன்ர பேருக்கு மாறேலாது. என்ர ஆஸ்பத்திரிக் கார்ட்டிலை என்னைப் பெத்த ஐயாவின்ர பேர், இலங்கைப் பாஸ்போர்ட்டிலை என்ர மனுசன்ர பேர், இரண்டுக்கும் நடுவிலை நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பொம்பிளையளுக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி. பெண்சாதி இல்லாமல் வந்த தியாகலிங்கம் அண்ணைக்கு இது எங்கை தெரியப்போகுது?

நான் வாய் திறந்திட்டன். "அது அண்ணை, இஞ்சை..." எண்டு தொடங்க, யோசெப்பின் மேசைக்குக் கீழை என்ர துடையிலை ஒரு கிள்ளு கிள்ளினா. ஒரு கிழமைக்கு நீலம் கட்டிக் கிடந்தது.

"ஓம் அண்ணன்," எண்டா. "உங்கட பேர்தான் இரிக்கி."

அவ்வளவும்தான் சொன்னா. அரங்கேற்ற மண்டப பில்லுக்கு அசையாத மனுசி. ஒரு சொல்லும் பொய் இல்லை, ஆனால் சட்டத்தை முழுசாச் சொல்லாமல் விட்டதை அண்டைக்குத்தான் கண்டன். நான் அவவிலை வைச்ச அன்பு அண்டைக்கு இரண்டு மடங்காப் போச்சுது.

தியாகலிங்கம் அண்ணை கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார். அழுதார், மறைக்கேல்லை. கனநேரத்துக்குப் பிறகு, "நம்பர் இருக்கோ?" எண்டு கேட்டார்.

யோசெப்பினே நம்பரை அழுத்திக் குடுத்தா. மெஷின் இரைச்சலிலை நிண்டு நிண்டு அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதாலை ரெலிபோன் சத்தத்தை உச்சத்திலை வைச்சிருப்பா. அந்தப் பக்கம் "அலோ" எண்டது எங்களுக்கும் கேட்டுது.

"பிள்ளை, அப்பா," எண்டார். "பேப்பரைப் பாத்தன். நீ என்ர பேரை விடேல்லை."

சிவாஜினி இஞ்சை வளந்து படிச்ச பிள்ளை, அந்தச் சட்டம் எங்களைவிட அவளுக்கு வடிவாத் தெரியும். அது சட்டம் அப்பா எண்டு ஒரு சொல்லுச் சொன்னாளெண்டால் எல்லாம் முடிஞ்சுது. யோசெப்பின் சிலுவை போட்டுக்கொண்டா.

"ஓம் அப்பா," எண்டாள் சிவாஜினி. "மாத்தச் சொல்லி அரசாங்கக் கந்தோரிலை கேட்டவை. நான் மாட்டன் எண்டிட்டன்."

எந்தக் கந்தோரிலையும் அப்பிடி ஒருத்தரும் கேட்டிருக்கேலாது. யோசெப்பினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை, பாத்தால் விம்மல் வெளியிலை வந்திடும்.

தியாகலிங்கம் அண்ணை ரெலிபோனை இரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு இருந்தார். "உன்ர அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா," எண்டார்.