முடித்து வைக்காதீங்க

திக்குகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். தஞ்சாவூரில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, வீடியோ காலில், வளர்ந்த ஆட்களுக்கு. பார்க்கிறவர்கள் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். எனக்குத்தான் தெரியும், நான் சரியான முன்கோபி.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பயிற்சிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். அப்பா பண்ணையாளாக இருந்து குத்தகைக்காரர் ஆனவர். அவர் போன பிறகு அதே நிலத்தில் நடவும் அறுப்பும் இவருடையது. ஆனால் பதிவேட்டில் குத்தகைக்காரராக இவர் பெயர் ஏறவில்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் முழங்குவார்கள். உழுகிறவன் நான்தான் என்று சொல்ல இவருக்கு வாய் வராது. நிலத்துக்காரரின் மகன் நிலத்தை விற்கப் பார்த்தார். தன் பெயரை ஏற்றச் சொல்லி இவர் மனு கொடுக்க, தாசில்தார் வயலுக்கே வந்து விசாரிப்பதாக இருந்தது. கேட்கும்போது "நான்தான் சாகுபடி பண்றேன்" என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்னிடம் வந்தார்.

சிக்னல் கிடைப்பது மோட்டார் கொட்டகை வாசலில் மட்டும். மனைவி போனைப் பிடித்துக்கொள்வார். இவர் "நா… நா…" என்று தொடங்கியதுமே அந்த அம்மா மீதியைச் சொல்லி முடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அதே பழக்கம். மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு வாய் இருக்குல்ல? எவ்வளவு நேரமானாலும் அவரே முடிக்கட்டும். யார் முன்னாடியும் நீங்க முடிச்சு வைக்காதீங்க."

"சரிங்க மேடம். இனிமே வாயத் தொறக்கல."

சொன்னபடியே இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவர் கணவர், ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். நான் கைதட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவருக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. பேசித்தான் ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

விசாரணை அன்று அவர் கொட்டகை வாசலிலேயே நின்று எனக்கு போன் போட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் குரல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று நான் மியூட் போட்டுக்கொண்டேன்.

"இந்த நிலத்துல சாகுபடி யாரு பண்றது?"

அவருடைய மூச்சு பையோடு உரசுவது கேட்டது. "ந்… ந்…" அதற்கு மேல் வரவில்லை. தாசில்தார் மறுபடி கேட்டார். காத்திருக்கவும் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா அங்கேதான் நின்றிருந்தார்.

"நாங்கதாங்க பண்றோம். இவரு கூலிக்கு வேலைக்கு வர்றவரு" என்றது நிலத்துக்காரர் மகனின் குரல்.

"சொல்லும்மா! நாங்கதான்னு நீ சொல்லு!" என்று கத்தினேன். மியூட் போட்டது நினைவுக்கு வந்து, அதை எடுப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

கேட்டதற்குப் பதிலில்லை என்று எழுதிக்கொண்டு போனார்களாம். பெயர் ஏறவில்லை. மேல்முறையீடு இருக்கிறது என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகத் தெரிந்தது.

அடுத்த வாரம், வழக்கமான நேரத்துக்கு போன் வந்தது. அவர் கொட்டகைப் படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேடம், அன்னைக்கி எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. நீங்க சொன்னீங்கன்னு அடக்கிக்கிட்டேன். நான் செஞ்சது சரிதானுங்களே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். அந்த அம்மா அவசரப்படவில்லை. நான் முடிக்கட்டும் என்று, ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காமல், காத்துக்கொண்டிருந்தார்.